ஜெனிட்டா சொன்ன ரெண்டு வார்த்தை

பச்சை அட்டை போட்ட நோட்டுதானே கேக்குறீங்க? இருக்கு, யம்மா. எங்க போயிரும். அரிசி டின்னுக்குப் பின்னாடி பிளாஸ்டிக் பையில சுத்தி வச்சிருக்கேன். எலி தொடலை, மழை தொடலை. மூணு வருசமா ஒருத்தரும் வந்து கேக்கலை, நீங்கதான் முதல். எடுத்துத் தாரேன், முதல்ல உக்காருங்க. நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். பாயில உக்காருங்க. அந்த நோட்டைத் தந்த கோகிலவாணி டாக்டரும் பாயிலதான் உக்காருவாங்க.

குழம்பு கொதிக்குது, அதனால நான் எந்திரிச்சு எந்திரிச்சுப் போவேன், தப்பா நினைக்காதீங்க. இந்த அங்கன்வாடியில டீச்சர் வேலை காலியாகி ஆறு வருசம். பக்கத்து ஊர் டீச்சர் செவ்வாய்க்கிழமை மட்டும் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க. சமைக்கிறது, கழுவிவிடறது, பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறது, நோட்டு எழுதறது எல்லாம் நான்தான். பேரு பிரகாசி. பேரு யாருக்குத் தெரியும், ஊருக்கே ஆயாதான். அஞ்சாம் கிளாஸ் படிச்சிருக்கேன். நாலே முக்கால்னு வச்சுக்கங்க, பரீட்சைக்கு முன்னாடி நிறுத்திட்டாங்க.

நீங்க மெடிக்கல் காலேஜ்ல இருந்து வந்திருக்கேன்னீங்க. ரத்தம் எடுக்க ஆள் வரும்னு போன வாரமே கமிட்டியில பேச்சு. எங்க அண்ணன் மிக்கேல்தான் ஊர்க்கமிட்டித் தலைவர். "வந்தா வரட்டும், ஆயா பாத்துக்கிடுவா"ன்னு சொல்லிட்டுக் கடலுக்குப் போயிட்டாரு. போன தடவையும் இதையேதான் சொன்னாரு.

அந்த டாக்டரம்மாவைப் பத்தித் தெரியணும், அவ்வளவுதானே. சொல்றேன். எனக்கும் யார்கிட்டயாவது சொல்லணும்னுதான் இருக்கு. எனக்கு அவங்க மேல ஒரு வருத்தம் உண்டு யம்மா. மாத்தல் வாங்கிப் போறன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கலை. ரெண்டு வருசம் என் கையால டீ குடிச்சவங்க. அது என்னமோ நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது.

நல்ல பொம்பளை. அதை யாரும் இல்லைங்க முடியாது. கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரங்க. ஒண்ணரை வயசுப் பிள்ளையைப் பாத்து "வாங்க தங்கம், இங்க வந்து உக்காருங்க"ன்னு கூப்பிடுவாங்க. எங்க ஊர்ல பங்குச்சாமியாரைத் தவிர ஒருத்தருக்கும் 'ங்க' கிடையாது. பிள்ளைங்க திருதிருன்னு முழிக்கும். நாங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்போம்.

ஆஸ்பத்திரி இங்கிருந்து நாலு மைல். முன்னாடி இருந்த டாக்டர் எல்லாம் அங்கேயே உக்காந்திருப்பாங்க, நோய் வந்தா நாம போகணும். இவங்க வியாழக்கிழமை தவறாம இங்க வந்துருவாங்க. வந்து ஊசி போடுவாங்களான்னா, இல்லை. பந்து உருட்டுவாங்க. பிள்ளை திருப்பி உருட்டுதான்னு பாப்பாங்க. முகத்தைத் துண்டால மூடி "டாக்டர் எங்க?"ன்னு கேப்பாங்க. ஊர்ல பேரே 'பந்து டாக்டர்'தான். பொம்பளைங்ககிட்ட, "பிள்ளைகிட்டப் பேசிக்கிட்டே இருங்க, வலை பின்னும்போதும் பேசுங்க"ன்னு சொல்வாங்க. அதுக்குத் தெரசான்னு ஒருத்தி, "கட்டினவன்கிட்டப் பேசவே நேரமில்லை, பேசத் தெரியாத பிள்ளைகிட்ட என்னத்தப் பேச"ன்னு கேட்டா. அதுக்கும் டாக்டரம்மா சிரிச்சாங்க. "பேசத் தெரியாததாலதானுங்க பேசணும்"னாங்க.

சிரிக்கிற ஆளு பொறவு சிரிக்கிறதை நிறுத்திட்டாங்க. அது இந்தக் குண்டு விசயத்துல இருந்துதான்.

நீங்க வரும்போது வீட்டுக்குப் பின்னாடி எல்லாம் புகை பாத்திருப்பீங்க. சோத்துப் புகை இல்லை அது. எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு ஈயக்குண்டு வார்ப்போம். வலை தண்ணிக்குள்ள இறங்கி நிக்கணும்னா கீழ் ஓரத்துல கனம் வேணும்ல, அந்தக் குண்டு. பழைய பேட்டரிக்குள்ள இருக்கிற தகட்டை இரும்புச் சட்டியில போட்டு உருக்கி அச்சுல ஊத்தணும். சோறு வெந்து இறக்கினதும் அதே அடுப்புல இந்தச் சட்டியை ஏத்துனா ஆச்சு. பொம்பளைங்க வேலைதான். பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டே செஞ்சுரலாம். நான் இந்த வேலைக்கு வரதுக்கு முன்னாடி பதினெட்டு வருசம் ஊத்தியிருக்கேன். இந்தா பாருங்க, கையில சூட்டுத் தழும்பு.

எங்ககிட்ட இன்னொரு வழக்கமும் உண்டு. பிள்ளை உக்காரப் பழகினதும் தாய்மாமன் தன் வலையில இருந்து ஒரு குண்டை அறுத்துப் பிள்ளை அரணாக்கயித்துல கட்டுவான். மாமன் குண்டுன்னு பேரு. அது இடுப்புல இருந்தா கடல் பிள்ளையை இழுக்காதுன்னு நம்பிக்கை. அன்னைக்குப் பாயசம் எல்லாம் உண்டு. பல்லு முளைக்கிற நேரத்துல ஈறு ஊறும்ல, பிள்ளை அதைத்தான் எடுத்துச் சப்பும். மணிக்கணக்கா அழாம இருக்கும். எங்க எல்லாரையும் வளர்த்ததே அந்தக் குண்டுதான்னு வச்சுக்கங்களேன்.

ஒரு நாள் டாக்டரம்மா என் அண்ணன் பேத்தியை மடியில வச்சிருந்தாங்க. ஜெனிட்டா. அண்ணன் மக செல்சியாவோட மக. அதோ மூலையில தட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காளே, அவதான். அப்ப அவளுக்கு ஒண்ணரை வயசு இருக்கும். வாயில குண்டு. டாக்டரம்மா அதை மெதுவா எடுத்தாங்க, எடுத்துத் தன் நோட்டுல ஒரு வெள்ளைத் தாள்ல லேசா இழுத்தாங்க. பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறத்துல விழுந்துச்சு. எனக்கு அது தெரியும், சின்னதுல நாங்க அதை வச்சுச் சுவத்துல எழுதுவோம். "பாத்தீங்களாங்க ஆயாம்மா, தாள்ல எழுதுது. பிள்ளை வாயில போனா இது எங்க போயி எழுதும்?"னு கேட்டாங்க. எங்கிட்டக் கேட்டா எனக்கு என்ன தெரியும். "வயித்துல போயி வெளிய வந்துரும்மா"ன்னேன்.

"வராதுங்க"ன்னாங்க. "ரத்தத்துல போகும். மூளை வளர்ற வயசு இது. பேச்சு, நடை, புத்தி எல்லாம் பிள்ளைங்க இந்த முதல் மூணு வருசத்துலதான் கட்டுறாங்க. இது உள்ள போயி அந்தக் கட்டடத்துல செங்கலை உருவிரும். வெளிய காய்ச்சல்கூட இருக்காது"ன்னாங்க.

பொறவு என்னைப் பாத்து, "உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?"ன்னாங்க.

ஒருத்தன் இருந்தான், நாலு வயசுல வலிப்பு வந்து போயிட்டான்னு சொன்னேன். பேரு ஜெபஸ்டின். ரொம்ப அமைதியான பிள்ளை. அடுப்படியில என் பக்கத்துலயே உக்காந்திருப்பான், எங்கயும் போக மாட்டான். டாக்டரம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஏன் பிடிச்சாங்கன்னு தெரியலை. அது வேற விசயம் யம்மா. அவனுக்கு வலிப்பு. அவன் தகப்பன் வீட்டு வழியில உண்டு. அது வேற.

இருங்க, குழம்பைக் கிண்டிட்டு வாரேன்.

ம், நோட்டு விசயத்துக்கு வாரேன். ஒரு வியாழக்கிழமை பை நிறைய சாமானோட வந்தாங்க. மரக்கட்டை பத்து, கிலுகிலுப்பை ஒண்ணு, படம் போட்ட அட்டை, கூட இந்த நோட்டு. மூணு வயசுக்குக் கீழ பதினேழு பிள்ளைங்க அப்ப. ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு பக்கம். பேரைச் சொன்னாத் திரும்புதா. வேணுங்கிறதை விரல் காட்டிக் கேக்குதா. மூணு கட்டை அடுக்குதா. ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லுதா. இப்படிப் பன்னிரண்டு கேள்வி, நேரே மாசத்துக்கு ஒரு கட்டம். செஞ்சா டிக், செய்யலைன்னா தப்பு.

"ஆயாம்மா, நான் வாரத்துல ஒரு நாள் பாக்குறவ. நீங்க தினம் பாக்குறவங்க. நான் பாத்து எழுதுறது என் ஃபைல்ல இருக்கும், நீங்க எழுதுறது இதுல இருக்கட்டும். ஒருத்தர் எழுதுறதை ஒருத்தர் பாக்கக் கூடாதுங்க, அப்பத்தான் அதுக்கு மதிப்பு. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். நாளைக்கு என்னை யாரும் நம்பலைன்னா உங்க நோட்டுதான் எனக்குச் சாட்சி"ன்னாங்க. மூடி போட்ட நீலப் பேனா ஒண்ணும் தந்தாங்க. அதுக்கு முன்னாடி எனக்கு யாரும் பேனா தந்ததில்லை. அதைச் சட்டையில குத்திக்கிட்டுக் கோயிலுக்குக்கூடப் போனேன்.

முதல் மாசம், எல்லாப் பிள்ளையும் தூங்குற நேரமாப் பாத்து நோட்டை எடுத்து வச்சேன். முதல் பக்கமே ஜெனிட்டா. மூணு கட்டை அடுக்குதா? ரெண்டை நான் வச்சேன், மூணாவதை அவ கையில கொடுத்தேன், கையைப் பிடிச்சு மேல வச்சேன். நின்னுச்சு. அப்ப அடுக்கிட்டாள்ல. டிக் போட்டேன். பேரைச் சொன்னாத் திரும்புதா? பேரைச் சொன்னாத் திரும்ப மாட்டா, தட்டைத் தட்டுனாத் திரும்புவா. காது கேக்குதுன்னுதானே அர்த்தம். டிக். விரல் காட்டிக் கேக்குதா? அவ எதையும் கேக்க மாட்டா. கேக்காத பிள்ளை நல்ல பிள்ளைதானே. அதுக்கும் டிக்.

நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க? நீங்களே சொல்லுங்க, தூங்குற பிள்ளை முகத்தைப் பாத்துக்கிட்டே அது பேருக்கு நேரே தப்புன்னு போட யாருக்குக் கை வரும்? பொட்டப்பிள்ளை வேற. இன்னைக்கு நான் போடுற தப்பு இருபது வருசம் கழிச்சு எவன் கையிலயாவது கிடைச்சு, "பொண்ணு சின்னதுலயே மந்தமாம்ல"ன்னு கேட்டுட்டா? காகிதம் பொல்லாதது யம்மா. வாயால சொன்னது காத்துல போகும், காகிதத்துல ஏறுனது இறங்காது.

அதனால எல்லாருக்கும் டிக். தெரசா மகனுக்கு மட்டும் ரெண்டு தப்புப் போட்டேன். அவ தண்ணிக்குழாய்ல எங்கூடச் சண்டை போட்டவ. மறுநாள் அந்தப் பய வந்து என் கழுத்தைக் கட்டிக்கிட்டான். பிள்ளை என்ன செய்யும்னு அதையும் திருத்திட்டேன். அந்தப் பக்கத்துல பாத்தீங்கன்னா மை கொஞ்சம் தடிச்சிருக்கும்.

பதினாலு மாசம். ஒரு மாசம் விட்டதில்லை. டாக்டரம்மா ஒவ்வொரு வியாழக்கிழமையும் "எழுதுறீங்களாங்க?"ன்னு மட்டும் கேப்பாங்க. "எழுதுறேன்மா"ம்பேன். "நீங்க இருக்கிறதுதான் எனக்குத் தைரியம்"பாங்க. சொன்னபடி ஒரு நாள்கூட எட்டிப் பாக்கலை.

அதுக்குள்ள அவங்க பாட்டுக்கு ஒன்பது பிள்ளைங்களுக்கு ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பியிருந்தாங்க. ரத்தத்துல ஈயம் இருக்குன்னு முடிவு வந்ததும் ஒவ்வொரு வீடாப் போனாங்க. கயித்தை அவிழ்த்துருங்க, அடுப்படியில ஈயம் உருக்காதீங்க, பிள்ளையைப் பக்கத்துல வைக்காதீங்கன்னு கெஞ்சுனாங்க. கெஞ்சுனாங்கன்னா நிசமாவே கையைக் கூப்பினாங்க, நான் கூடப் போயிருந்தேன். செல்சியா பயந்துபோயி அன்னைக்கே குண்டை அவிழ்த்துட்டா. ராத்திரி அண்ணன் வந்து பாத்துட்டு, "மாமன் கட்டினதை அவிழ்க்க நீ யாரு? டாக்டர் நாளைக்கு மாத்தல்ல போயிருவா, கடல் எங்கயும் போகாது"ன்னு சத்தம் போட்டு, அவரே திரும்பக் கட்டிவிட்டாரு.

அதோட டாக்டரம்மா நின்னுருக்கலாம். நிக்கலை. கலெக்டருக்கு மனு எழுதினாங்க. ஊருக்கு வெளிய ஒரு கொட்டகை கட்டிக் கொடுங்க, வார்ப்பு வேலை எல்லாம் அங்க நடக்கட்டும், வேலை போக வேண்டாம், வீட்டுல மட்டும் வேண்டாம்னு. பிள்ளைங்களுக்கு மருந்து வேணும்னு. பேச்சு வராத பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தனியா ஒரு டீச்சர் வேணும்னு. கேட்டது மூணே விசயம்தான். ஆனா ஊர் காதுல விழுந்தது அது இல்லை. ஊர் காதுல என்ன விழுந்துச்சுன்னா, 'பந்து டாக்டர் நம்ம பிள்ளைங்களை எல்லாம் மந்தம்னு கலெக்டருக்கு எழுதிட்டா'ன்னு.

கேக்கணுமா. அண்ணன் எதிர் மனு போட்டாரு. எரநூறு கையெழுத்து. நானும் போட்டேன், தலைவரோட தங்கச்சி போடலைன்னா எப்படி. அதையும் அந்த நீலப் பேனாவாலதான் போட்டேன், வேற பேனா எங்கிட்ட ஏது.

மாவட்டத்துல இருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தாரு. சமுதாயக் கூடத்துல நிக்க இடமில்லை. டாக்டரம்மா தனியா ஒரு பெஞ்சுல உக்காந்திருந்தாங்க, மடியில ஃபைல். எனக்குப் பாவமா இருந்துச்சு. தண்ணி கொண்டுபோயிக் கொடுத்தேன். குடிச்சாங்க.

அதிகாரி கேட்டாரு, "இந்த ரத்தப் பரிசோதனை அரசாங்க லேப்ல செஞ்சதா?"

"இல்லைங்க சார். எழுதிக் கேட்டேன், பதினொரு மாசமாப் பதில் இல்லை. அதனால தனியார் லேப்ல செஞ்சேன்."

"அப்ப இதை எடுத்துக்கிட முடியாது. பிள்ளைங்க வளர்ச்சியில பின்தங்கியிருக்குன்னு எழுதியிருக்கீங்க. பாத்தது யாரு?"

"நான்."

"குற்றம் சொல்றதும் நீங்க, சாட்சியும் நீங்க. வேற யாராவது பாத்தாங்களா?"

அப்ப டாக்டரம்மா முகத்துல ஒரு தெளிச்சி வந்துச்சு பாருங்க. இவ்வளவு நேரமும் இதுக்குத்தான் காத்திருந்த மாதிரி. எந்திரிச்சு நின்னு, "பாத்திருக்காங்க சார். அங்கன்வாடி ஆயாம்மா பதினாலு மாசமாப் பாத்து எழுதியிருக்காங்க. அவங்க இந்த ஊர்க்காரங்க, தலைவருக்குத் தங்கச்சி. எனக்காக எழுத வேண்டிய அவசியம் அவங்களுக்கு இல்லை. நான் அந்த நோட்டை இதுவரைக்கும் திறந்ததில்லை. நீங்களே முதல்ல பாருங்க"ன்னாங்க.

என்னை ஓடிப்போயி எடுத்துட்டு வரச் சொன்னாங்க. ஓடினேன். கொண்டாந்து அதிகாரி கையில கொடுத்தேன். முதல் பக்கம் திருப்பினாரு. ரெண்டாம் பக்கம். மூணாம் பக்கம். பொறவு வேகமாத் திருப்பினாரு. கண்ணாடியைக் கழட்டிட்டு டாக்டரம்மாவைப் பாத்தாரு.

"இதுல ஒரு பிள்ளைக்குக்கூடக் குறை இல்லையேம்மா. எல்லாமே டிக்தானே"ன்னாரு.

கூடம் முழுக்கக் கைதட்டு. எங்க அண்ணன் என் தோள்ல தட்டினாரு. பிறந்ததுல இருந்து அவரு என்னைத் தட்டிக்கொடுத்தது அன்னைக்கு ஒரு நாள்தான்.

டாக்டரம்மா நோட்டைக் கேட்டு வாங்கினாங்க. ஜெனிட்டா பக்கத்தை எடுத்தாங்க. விரலை வச்சு ஒவ்வொரு கட்டமாப் போனாங்க. பொறவு எங்கிட்ட வந்தாங்க. கோபம் இல்லை யம்மா, சத்தியமாச் சொல்றேன், கோபமே இல்லை. பிள்ளைங்ககிட்டப் பேசுற குரல்லயேதான் கேட்டாங்க.

"ஆயாம்மா, ஜெனிட்டா ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னாங்களா?"

எரநூறு பேரு பாக்குறாங்க. அண்ணன் பாக்குறாரு. செல்சியா பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வாசப்படியில நின்னு என் வாயையே பாக்குறா. அவ முகம் எப்படி இருந்துச்சுங்கிறீங்க, நான் ஏதோ அவ பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்போற மாதிரி இருந்துச்சு.

"சொன்னாம்மா"ன்னேன்.

"என்ன வார்த்தைங்க?"

"'ஆயா சோறு'ன்னு சொன்னா."

"சரிங்க"ன்னாங்க. நோட்டை மூடி அதிகாரிகிட்டக் கொடுக்கலை, என் கையிலதான் கொடுத்தாங்க. பத்திரமா வைங்கன்னாங்க. அவ்வளவுதான். அதுதான் அவங்க எங்கிட்டக் கடைசியாப் பேசினது.

இருபது நாள்ல மாத்தல் வந்துருச்சு. ஏதோ மலை ஊருக்கு. எனக்குத் தகவல் தெரிஞ்சதும் நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் கட்டிக்கிட்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவங்களுக்கு நெத்திலி பிடிக்கும். நான் போறேன், ஜீப்பு கேட்டைத் தாண்டுது. கை காட்டினேன். பாக்கலையோ, பாத்தாங்களோ. நிக்கலை. நாலு மைல் அந்தப் பொட்டலத்தை மடியில வச்சுக்கிட்டுத் திரும்பி வந்தேன். நான் அவங்களுக்கு என்ன யம்மா கெடுதல் பண்ணினேன்? எதிர் மனுவுல கையெழுத்துப் போட்டேன், ஒத்துக்கிடுறேன், எரநூறுல ஒண்ணு. ஊர் பொம்பளைங்க அவங்களைப் பேசின பேச்சுக்கு நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. எங்கிட்ட மட்டுமாவது ஒரு தடவை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல.

என்ன சொன்னீங்க? அவங்கதான் உங்களை அனுப்பினாங்களா?

மூணு வருசமா எழுதிக்கிட்டே இருந்தாங்களா. அங்க மலையில உக்காந்துக்கிட்டா. இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்காகவா. யாருக்கெல்லாம் எழுதினாங்க? அத்தனை பேருக்கா. எங்களை ஒரு சாமியும் இத்தனை நாள் ஞாபகம் வச்சுக்கிட்டதில்லை யம்மா.

உங்ககிட்ட இருக்கிற கடுதாசியில என்னைப் பத்தி ஏதும் எழுதியிருக்காங்களா?

படிங்க. மெதுவாப் படிங்க. "அங்கே ஆயாம்மாவைப் பாருங்கள். பிள்ளைகளை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. முதலில் அவரிடம் கேளுங்கள்." இன்னொரு தடவை படிங்க.

பாத்தீங்களா. எம்மேல கோபமில்லை. எனக்குத் தெரியும். நல்ல மனசு.

தொட்டில்ல என்ன சத்தம்? அவன் முழிச்சுக்கிட்டான். செல்சியாவோட ரெண்டாவது, ரிக்சன், எட்டு மாசம். அவ ஐஸ் கம்பெனிக்குப் போகையில எங்கிட்ட விட்டுட்டுப் போவா. தூக்குங்க, கொழுகொழுன்னு இருப்பான். போன ஞாயித்துக்கிழமைதான் செல்சியா தம்பி குண்டு கட்டினான், நல்ல கனமான குண்டு. ஐயோ, வாயில இருந்து அதைப் பிடுங்காதீங்க, அழுவான். இந்தா, அழுதுட்டான் பாருங்க. விடுங்க, நான் திரும்பக் கொடுத்துருவேன், ஒரு நிமிசத்துல அமந்துருவான்.

சரி. சரி, கொடுக்கலை. நீங்களே அவனை வச்சுக்கங்க. முகத்தைத் துடைச்சுக்கங்க, பிள்ளை பாக்குது.

ஜெனிட்டாவுக்கா? அடுத்த மாசம் ஆறு முடியுது. பள்ளிக்கூடத்துல சேர்த்தோம், நாலாம் நாளே திருப்பி அனுப்பிட்டாங்க. அதனால எங்கூடத்தான் இருக்கா. நல்லாத்தான் இருக்கா. சாப்பிடுவா. தூங்குவா. நடப்பா, கொஞ்சம் சாய்ஞ்சு நடப்பா. பேச்சு வரும் யம்மா. எங்க வழியில பேச்சு தாமசம்.

நான் விடலை. அன்னைக்குக் கூடத்துல சொல்லிட்டேன்ல, சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்ல. மறுநாள்ல இருந்து தினம் மத்தியானம் சோத்துக் கரண்டியை இப்படிக் கையில வச்சுக்கிட்டு அவளை முன்னாடி நிக்க வைப்பேன். "சொல்லு, ஆயா சோறு. சொல்லு தாயி. ஆயா. சோறு." அவ தட்டைப் பாப்பா, கரண்டியைப் பாப்பா. மத்த பிள்ளைங்க எல்லாம் சாப்பிட்டு முடிச்சிரும். அவ நிப்பா. அழுவா, ஆனா நிப்பா. பொறவு எனக்கே தாங்காது, போட்டுருவேன். மூணு வருசம் ஆச்சு. ஒரு நாள் விட்டதில்லை. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே போயிருவேன்.

இருங்க, இப்ப நேரமாச்சு, சோறும் ரெடி. நீங்களே பாருங்க. இன்னைக்குச் சொன்னாலும் சொல்லிருவா, புது ஆள் இருக்கீங்கள்ல. நீங்க கொண்டாந்த அந்தப் புது நோட்டை எடுத்து வச்சுக்கங்க. அதே பன்னிரண்டு கேள்விதானே? அவ சொன்னதும் போட்டுருங்க.

ஏட்டி ஜெனி. இங்க வா. தட்டை எடுத்துக்கிட்டு வா. நில்லு. இந்தா பாரு, டாக்டர் வந்திருக்காங்க. சொல்லு பாப்போம். ஆயா. சோறு.

சொல்லு தாயி.

தட்டைத் தட்டாத. வாயால சொல்லு. ஆயா.

இப்ப உதடு அசைஞ்சுச்சே, பாத்தீங்களா? பாக்கலையா. அசைஞ்சுச்சு யம்மா. எனக்குத் தெரியும்.

என்ன சொல்றீங்க? ஜெனி பேருக்கு நேரே உள்ளதை உள்ளபடி எழுதினாத்தான் இந்தச் சின்னவனுக்கு மருந்து வருமா. இவன் பேச்சாவது பிழைக்குமா. ரெண்டு பேரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு, அக்காவுக்கு ஒரு குறையும் இல்லைன்னு நோட்டு சொன்னா, தம்பியைப் பாக்க யாரும் வர மாட்டாங்களா. இதை அன்னைக்கே டாக்டரம்மா எங்கிட்ட...

சொன்னாங்க. சொல்லியிருப்பாங்க. நான்தான் பேனாவையே பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்.

இல்லை, பேனாவை எங்கிட்ட நீட்டாதீங்க. எனக்கு அந்தக் குறி போட வராது. என் கைக்கு டிக்கு மட்டும்தான் பழக்கம். நீங்களே போடுங்க. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிறேன், குழம்பு அடிப்பிடிக்குது. நான் திரும்பி நிக்கையில நீங்க எதைப் போட்டாலும், எந்தக் கயித்தை அவிழ்த்தாலும் நான் பாக்கலை. மாமன் கட்டினதை நான் அவிழ்க்கக் கூடாது. கத்திரிக்கோலு அலமாரியில மேல்தட்டுல இருக்கு.

முடிஞ்சுதா?

எத்தனை தப்பு? வேண்டாம், சொல்ல வேண்டாம்.

ஜெனி, வா தாயி. உக்காரு. இந்தா சோறு. இன்னைக்கு நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்.